அம்மி விழுப்புரத்தில், குழவி திண்டிவனத்தில்

இது நடந்தது எண்பத்துமூன்றிலா எண்பத்துநான்கிலா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனி மாதக் கடைசியில் தொடங்கியது என்பது மட்டும் நிச்சயம். வேறு மாதமாக இருந்திருந்தால் இப்படியொரு கதையே நடந்திருக்காது. முதலில் திண்டிவனத்துக்குப் போனது இட்லிப் பானையா, அம்மிக் குழவியா என்பதிலும் சந்தேகம் உண்டு. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கொண்டுபோனவரையே ஒருமுறை கேட்டபோது, இரண்டுமே தன்னுடைய யோசனைதான் என்று பெருமையோடு சொல்லிவிட்டு வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நினைவும் அப்படித்தான். பாத்திரங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டும், எதற்கு எது மூடி என்று சொல்லாது.

விருத்தாசலம் விழுப்புரத்தில் அரசாங்க விதை டிப்போ ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். அவரைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். திருநெல்வேலிக்கு மாற்றியிருந்தால் ஒரே நாளில் புலம்பி முடித்துவிட்டு மறுநாள் லாரி பிடித்திருப்பார். திண்டிவனம் என்பதுதான் சிக்கல். தினமும் போய்வரலாம் என்று வாயால் சொல்லிவிடக்கூடிய அளவுக்குப் பக்கம். தினமும் போய்வந்தால் இடுப்பு கேள்வி கேட்கிற அளவுக்குத் தூரம். ஒரு குமாஸ்தாவை வாழ்நாள் முழுக்க யோசிக்க வைப்பதற்கென்றே இரண்டு ஊர்களையும் யாரோ அளந்து வைத்த மாதிரி இருந்தது.

ஆகவே விருத்தாசலம் யோசிக்கத் தொடங்கினார். அதில் அவர் கெட்டிக்காரர். போன வருஷம் மகள் குப்பம்மாளைக் கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தபோது, பந்தலுக்குக் கீற்றா துணியா என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மழை வந்து, இரண்டும் வேண்டாம், பள்ளிக்கூடத்துக் கூடம் போதும் என்று முடிவு செய்தது. தன்னுடைய நிதானம்தான் கீற்றுச் செலவை மிச்சப்படுத்தியது என்று அவர் அதற்குப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த முறையும் அவர் யாரையும் கேட்காமல் விடவில்லை. டீக்கடையில் கேட்டார், முடிதிருத்தும் இடத்தில் கேட்டார். வீட்டுக்காரர் கோதண்டபாணியையே கேட்டார். வீட்டைக் காலி செய்யலாமா என்று வீட்டுக்காரரிடம் யோசனை கேட்ட முதல் குடித்தனக்காரர் அவராகத்தான் இருக்கும். எல்லாரிலும் விவரமாகச் சொன்னவர் இருதயராஜ். திண்டிவனத்தில் வாத்தியார் வேலை, விழுப்புரத்தில் வீடு, கையில் சீசன் டிக்கெட் என்று பல வருஷமாக ரயிலிலேயே காலம் தள்ளுகிறவர். வீடு மாற்றுவதைப் போல பேஜாரான வேலை உலகத்தில் இல்லை என்றார் அவர். லாரியில் ஏற்றுகிறவன் கண்ணாடியை உடைப்பான், இறக்குகிறவன் கட்டில் காலை உடைப்பான், நடுவில் ஓட்டுகிறவன் நம் மனசை உடைப்பான் என்று கணக்காகச் சொன்னார். இருதயராஜ் ஒருமுறைகூட வீடு மாற்றியவரில்லை. அதனால் அவருடைய அனுபவம் முழுக்கத் தூய்மையாக இருந்தது.

கேட்காமல் விட்டது ஒருத்தியைத்தான். அவள் பாஞ்சாலி. விருத்தாசலத்தின் மனைவி. கூப்பிடு தூரத்தில், அடுப்படியில்தான் இருந்தாள். ஒருவேளை பக்கத்தில் இருந்ததுதான் காரணமோ என்னவோ.

கேட்டிருந்தால் அவள் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். கிணறு.

கோதண்டபாணியின் வளைவுக்குள் மூன்று குடித்தனம், நடுவில் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் இறைக்க வேண்டும். முறைக்குக் காவல் கோதண்டபாணியின் மனைவி கெங்கம்மாள். அவள் யாரையும் தடுக்கமாட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். வாளி மேலே வரும்போது அதை ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டு குடம் கூடினால் பாஞ்சாலி வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. ஒரு குடம் குறைந்தால் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சில்லை. எந்த நாளில் தலைக்குக் குளித்தாள், ஏன் குளித்தாள், அந்த மாதம் எத்தனை நாள் தள்ளிப்போயிற்று என்பதெல்லாம் கயிற்றின் ஈரத்திலிருந்து கெங்கம்மாளுக்குத் தெரியும். குப்பம்மாள் பெரியவளான செய்தியை விருத்தாசலம் கெங்கம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

பாஞ்சாலிக்கு நகை ஆசை கிடையாது, சினிமா ஆசையும் கிடையாது. யாரும் பார்க்காமல் ஒரு வாளி தண்ணீர் இறைக்க வேண்டும். கல்யாணமாகி அந்த வளைவுக்குள் வந்த வருஷத்திலிருந்து இருக்கிற ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருக்கிற ஆசைக்கு வயசாவதில்லை.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீடு காலியாக இருப்பதாகத் தரகர் சொன்னார். பார்க்க இருவரும் போனார்கள். விருத்தாசலம் முன் அறையில் நின்று ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார். பாஞ்சாலி நேராகப் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு கிணறு இருந்தது. சிமெண்டுக் கட்டைச் சுவர், இரும்பு ராட்டினம், சுற்றி வேலி. வீட்டுக்காரர் புதுச்சேரியில் இருந்தார். அவள் வாளியை இறக்கி இறைத்தாள். ராட்டினம் தெருமுனை வரை கேட்கிற மாதிரிக் கத்தியது. வாளியைக் கட்டைச் சுவரில் வைத்துவிட்டு, யாராவது வருவார்களா என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. இன்னொரு வாளி இறைத்தாள். அது எதற்கும் தேவையில்லை. அப்படியே மண்ணில் கொட்டினாள். தண்ணீரை வீணாகக் கொட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது வீடு எப்படி என்று விருத்தாசலம் கேட்டார்.

“நல்லா இருக்குதுங்க,” என்றாள்.

அதில் ஒரு ‘ஆனால்’ ஒளிந்திருப்பதாக அவருக்குப் பட்டது. மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்.

ஆனி முடிவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் குடி போக முடியாது. ஆவணி வரை வீட்டைக் காலியாகப் போட்டு வைக்க முடியாது என்று தரகர் நெருக்கினார். அப்போதுதான் விருத்தாசலத்துக்கு அந்த யோசனை உதித்தது. ஆனியிலேயே ஒரு நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிடுவது. காய்ச்சிவிட்டால் வீடு நமக்கு என்று ஆகிவிடும். அப்புறம் ஆடி முழுக்க இருந்த இடத்தில் இருந்துகொண்டு, போவதா வேண்டாமா என்று நிம்மதியாக யோசிக்கலாம். பால் காய்ச்சுவது என்றால் குடி போவது என்றுதான் மற்ற ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடிவைத் தள்ளிப்போடுகிற சடங்கு என்று கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

பால் காய்ச்சினார்கள். உப்பு, புளி, மஞ்சள், குத்துவிளக்கு, நிறைகுடம் எல்லாம் கொண்டுபோய் வைத்தார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. வீட்டுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை விருத்தாசலம் வைத்துக்கொண்டார். மற்றதைப் பாஞ்சாலி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. மீந்த பாலைக் கொட்ட மனம் வராமல், சர்க்கரை போட்டுத் தூக்கில் ஊற்றி ரயிலில் கொண்டுவந்தார் விருத்தாசலம். வந்தவர் மரியாதைக்காக ஒரு டம்ளரைக் கெங்கம்மாளிடம் நீட்டினார். என்ன விசேஷம் என்று அவள் கேட்டாள். திண்டிவனத்தில் பால் காய்ச்சினோம் என்றார். கெங்கம்மாள் பாலைக் குடித்தாள், நன்றாக இருங்கள் என்றாள். புது வீட்டில் காய்ச்சிய பாலைப் பழைய வீட்டுக்காரிக்குக் குடிக்கக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அது இரண்டு ஊரிலும் எல்லாருக்கும் தெரியும், விருத்தாசலம் ஒருவரைத் தவிர. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு கெங்கம்மாள் வேறு குடித்தனம் தேட ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் விருத்தாசலம் சிரமமில்லாமல் வீடு மாற்றுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். லாரி வேண்டாம், ஆள் வேண்டாம். எப்படியும் சீசன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தினம் ஒரு பை. காலையில் திண்டிவனத்தில் இறங்கியதும் வீட்டைத் திறந்து பையைக் கொட்டிவிட்டு டிப்போவுக்குப் போய்விடலாம்.

“ஆடி முடியறதுக்குள்ள வூடு தன்னால அங்க போய்ச் சேந்துடும். நாம கடைசியா கைய வீசிக்கினு போவலாம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வேணாம்னு தோணிச்சுன்னா அதே மாதிரி திருப்பி எடுத்தாந்துடலாம்,” என்றும் சொன்னார்.

பாஞ்சாலி ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தை அவர் எப்போதுமே சம்மதமாகத்தான் கணக்கில் வைத்துக்கொள்வார். அந்தக் கணக்கில் அவள் அவருக்கு மிக ஒத்துப்போகிற மனைவி.

உடனடியாகத் தேவைப்படாத சாமான்களை முதலில் கொண்டுபோவது என்று ஏற்பாடு. எது உடனடியாகத் தேவைப்படாது என்பதை, வாழ்க்கையில் ஒருநாளும் அடுப்பு பற்றவைத்திராத ஒருவர் தீர்மானித்தார். இட்லிப் பானை போயிற்று. தட்டுகள் பைக்குள் அடங்காததால் நின்றுவிட்டன. சல்லடை போயிற்று. மாவு சலிக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் மறுநாள் சல்லடை திரும்பி வந்தது, அதற்குப் பதிலாக எண்ணெய்க் கரண்டி போயிற்று. வழியிலிருந்த பேரணி, மயிலம் ஸ்டேஷன்கள்கூட அந்தச் சாமான்களுக்குப் பழகிப்போயின. ஒருநாள் அம்மிக் குழவி போயிற்று. பைக்கு அடக்கமாக இருந்தது, தூக்கும்போது வீட்டில் பாதியைத் தூக்குகிற திருப்தியும் கொடுத்தது. அம்மி அப்புறம் வரும் என்றார்.

அம்மி விழுப்புரத்தில் வெறும் கல்லாகக் கிடந்தது. பாஞ்சாலியின் கல்யாணத்துக்கு வந்த அம்மி அது. அவள் பித்தளைச் சொம்பின் அடியால் அதன்மேல் மிளகாயை நசுக்கிக்கொண்டிருந்ததைக் கெங்கம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“இன்னாம்மா பாஞ்சாலி, புள்ளைய மட்டும் ரயிலேத்தி வுட்டுட்டு ஆத்தாள இங்கயே வச்சிக்கினு இருக்கிற?”

ரயிலிலும் இந்த மாதிரிப் பேச்சு உண்டு. சீட்டாடுகிற கோஷ்டி, பேரில் ஒரு ஊர், சம்பளத்துக்கு ஒரு ஊர், சோற்றுக்கு ஒரு ஊர் என்று விருத்தாசலத்தைக் கேலி செய்தார்களாம். இதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பாஞ்சாலி கவனித்தாள். அந்த நாள்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். சாப்பிடும்போது இருதயராஜைப் பற்றிப் பேசினார், முண்டியம்பாக்கத்தில் ஏறுகிற கடலை வியாபாரியைப் பற்றிப் பேசினார். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே யோசித்தாள். ஊர் மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இவர் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார், ரயில்தான் அந்தப் பதில் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கே வாடகை கேட்க ஆளில்லை. ஓடு ஒழுகினால் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. எதிரில் ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருப்பதும் இல்லை. இரண்டு வீட்டுக்கு வாடகை கொடுக்கிற மனிதன் எந்த வீட்டிலும் இல்லாமல் இருக்க முடிகிறது. அந்த வசதியை அவர் சுலபத்தில் விடமாட்டார்.

ஆனியின் கடைசி நல்ல நாளன்று காலை விருத்தாசலம் ரயிலுக்குப் போன பிறகு, கெங்கம்மாள் ஒரு இளம் தம்பதியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தப் பெண் கையில் குத்துவிளக்கு, அவன் கையில் பால் சொம்பு.

“இது பூமாலை. இவங்க வூட்டுக்காரரு நடராசன், லாரி புக்கிங் ஆபீசுல இருக்காரு. திண்டிவனத்துலேர்ந்து இங்க மாத்தியிருக்காங்க,” என்றாள் கெங்கம்மாள். “இன்னிக்கு வுட்டா ஆடி பொறந்துடும். நீ செத்த ஓரமா நில்லும்மா, ஜல்தியா பால் காச்சிக்கினு போயிடட்டும்.”

“எக்கா, நாங்க இன்னும் காலி பண்ணலியே.”

“அங்க பால் காச்சினீங்களா இல்லியா? நானே குடிச்சனே.”

பாஞ்சாலி ஓரமாக நின்றாள். பூமாலை கொண்டுவந்த ஸ்டவ் பற்றவில்லை. இரண்டு முறை அணைந்ததும் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. பாஞ்சாலி குனிந்து, பின் போட்டுக் குத்தி, பம்ப் அடித்து, தன்னுடைய அடுப்படியில் இன்னொருத்தி குடியேறுவதற்கு நெருப்பை நீலமாக எரிய வைத்தாள். பால் மேலே ஏறியது.

“எந்தப் பக்கம் பொங்குதுக்கா?” என்று கண்ணை மூடிக்கொண்டு பூமாலை கேட்டாள்.

பால் தெற்குப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது.

“கெழக்காலதான் பொங்குது,” என்றாள் பாஞ்சாலி, கரித்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே.

அவளுக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். தன் வீட்டில் தானே விருந்தாளியாக உட்கார்ந்து குடித்தாள்.

சாயங்காலம் இதைக் கேட்ட விருத்தாசலம் வெகுநேரம் யோசித்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். அவர்களும் ஆடியில் வரமுடியாது, நாமும் ஆடியில் போகமுடியாது, ஆகவே எல்லாம் அப்படியே இருக்கும் என்பது அவர் வாதம். எல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு குளிர்ச்சி வரும்.

ஆனால் பால் காய்ச்சிய வீட்டில் சாமானை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம் என்று நடராசனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவனுக்கோ லாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆடி பிறந்ததும், விழுப்புரம் வழியாகப் போகிற வண்டிகளெல்லாம் ஆளுக்கொரு பொருளை இறக்கிவிட்டுப் போயின. இரும்பு பீரோ வந்தது. இரண்டு மூட்டை மல்லாட்டைக் கடலை வந்தது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்து கூடத்தில் சாய்ந்து நின்றது. விருத்தாசலம் அதற்கு முன்னால் நின்று தலை சீவிக்கொண்டு ரயிலுக்குப் போனார். வசதியாக இருக்கிறது என்றார். அவருடைய வீடு பை பையாகக் குறைந்துகொண்டும், நடராசனுடைய வீடு லாரி லாரியாகக் கூடிக்கொண்டும் வந்தன. நடுவில் பாஞ்சாலி நடக்க வழி தேடிக்கொண்டிருந்தாள்.

அவளால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுத்துக்கொள்ள முடியாதது மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று வந்தது.

தெருவெல்லாம் வேப்பிலை, ஒலிபெருக்கி. பாஞ்சாலி கேப்பை மாவு கரைக்கத் தண்ணீருக்காகத் தன் முறைக்குக் கிணற்றடிக்குப் போனாள். வாளியை எடுக்கக் குனிந்தபோது கெங்கம்மாள் சொன்னாள்.

“பாஞ்சாலி, இனிமே இது பூமாலை முறைம்மா.”

“அவங்க இன்னும் வரலியே எக்கா.”

“வரலன்னா இன்னா? பால் காச்சியாச்சு இல்ல. உன் முறை உன் வூட்டுக் கெணத்துல இருக்குது.”

கெங்கம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. அவளிடம் வன்மம் கிடையாது. சட்டம் மட்டும்தான் உண்டு. பாஞ்சாலி காலிக் குடத்தோடு நின்றாள். வராத பூமாலைக்காக அந்த முறை முழுக்கக் கயிறு சும்மா தொங்கியது. எங்கோ ரயில் தூரத்தில், அவளுடைய முறையே முறையாக, யாரும் இறைக்காத கிணறு ஒன்று பாசி பிடித்துக்கொண்டிருந்தது. அதன் சாவி முந்தானையில் கனத்தது. கடைசியில் பக்கத்துக் குடித்தனத்துப் பெண் பாவப்பட்டு, தன் முறையில் ஒரு குடம் ஊற்றினாள். கெங்கம்மாள் அதை இரண்டு பேர் கணக்கிலும் எழுதாமல் மனசில் தனியாக வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பாஞ்சாலி விருத்தாசலத்திடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நாளைக்கு அந்தக் குழவிய எடுத்தாந்துடுங்க.”

அவர் நிமிர்ந்தார். “அப்ப போவ வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?”

“குழவிய எடுத்தாங்கன்னு சொன்னேன்.”

வெளியே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அவர், இவள் இங்கேயே இருக்க விரும்புகிறாள் போல என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் எதையும் யோசிக்கவில்லை. சட்னி அரைக்கக் குழவி வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் நடந்ததை அவள் முன்கூட்டியே திட்டம் போட்டாள் என்று பிற்பாடு கெங்கம்மாள் சொன்னது பொய்.

மறுநாள் காலை விருத்தாசலம் ரயிலேறிய பிறகு, வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பூமாலை மிச்சச் சாமானோடு வந்து இறங்கினாள். பாஞ்சாலியும் கை கொடுத்தாள். எல்லாம் இறக்கி முடித்ததும் டிரைவர் முத்துசாமி தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, இனி திண்டிவனத்துக்குக் காலி வண்டியாகத்தான் அடிக்க வேண்டும் என்று யாரிடமோ சலித்துக்கொண்டார்.

பாஞ்சாலி அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“கொஞ்சம் சாமான் இருக்குது அண்ணே. மரக்காணம் ரோடு.”

கெங்கம்மாள் பதறிப்போனாள். ஆடியில் யாராவது குடி போவார்களா, குடும்பம் விளங்குமா, புருஷனைக் கேட்டாயா என்று அடுக்கினாள். பாஞ்சாலி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

“நான் குடி போவல எக்கா. அது ஆனியிலயே போயாச்சு, நீங்கதான் பால் குடிச்சீங்க. இப்ப என் வூட்டுக்குத் திரும்பிப் போறேன்.”

கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். தன்னுடைய சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. அவள் நேர்மையானவள். போய் இட்லித் தட்டுகளை எடுத்து வந்து கொடுத்தாள்.

ஏற்றுவதற்கு ஒரு காலைப் பொழுது முழுசாகத் தேவைப்படவில்லை. அம்மியை இரண்டு பேர் தூக்கி, கீழே வைக்கோல் போட்டு வைத்தார்கள். எந்தக் கண்ணாடியும் உடையவில்லை, எந்தக் கட்டில் காலும் முறியவில்லை. சிரமமில்லாமல் வீடு மாற்றுவதற்கு வேண்டியது என்ன என்று விருத்தாசலம் ஒரு மாதமாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் இருப்பதுதான் அது என்று அவரிடம் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

லாரி கிளம்பும்போது பூமாலை கிணற்றடியில் இருந்தாள். கெங்கம்மாளின் குரல் வாசல் வரை கேட்டது.

“இன்னாம்மா பூமாலை, வந்த அன்னிக்கே நாலு குடமா?”

பாஞ்சாலி முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

திண்டிவனத்தில் லாரி விதை டிப்போ வாசலைத் தாண்டித்தான் போனது. சாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமா, வண்டியை நிறுத்தட்டுமா என்று முத்துசாமி கேட்டார்.

“வேணாம் அண்ணே. யோசிச்சிக்கினு இருப்பாரு,” என்றாள்.

விருத்தாசலத்துக்கு அன்று சாயங்காலம் நேர்ந்ததை அவர் பின்னால் துண்டு துண்டாகச் சொன்னார். அதையெல்லாம் பாஞ்சாலிதான் சேர்த்து வைத்துக்கொண்டாள். காலையிலேயே வீட்டிலிருந்து எடுத்து டிப்போவில் வைத்திருந்த குழவியைப் பையில் சுமந்துகொண்டு அவர் விழுப்புரம் ரயிலேறியிருக்கிறார். என்ன, மறுபடி ஊருக்கே திரும்புகிறதா என்று இருதயராஜ் பையைத் தடவிப் பார்த்துக் கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். பூமாலை கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளி என்று நினைத்து, எப்போது வந்தீர்கள் என்று நடராசனை விசாரித்தார். நீங்கள் எப்போது போவீர்கள் என்று நடராசன் திருப்பி விசாரித்தான். கொஞ்சநேரம் இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கெங்கம்மாள் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

“ஆடி மாசமாச்சே,” என்றாராம் விருத்தாசலம்.

“உங்க வூட்டுக்கு நீங்க போறதுக்கு ஆடி இன்னா, மார்கழி இன்னா,” என்றாளாம் கெங்கம்மாள்.

அவர் பஸ் பிடித்தார். நல்ல கூட்டம். குழவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று கண்டக்டர் சொன்னதற்குப் பஸ்ஸே சிரித்தது. நடுவழியில் கூட்டேரிப்பட்டில் வண்டி நின்றபோது இறங்கி டீ குடித்தார். அந்த இடத்தில் நின்று யோசித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாராம். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். பஸ் ஒரு பக்கம்தான் போனது, அதில் அவரும் போனார்.

தெருவில் திரும்பும்போதே ராட்டினச் சத்தம் கேட்டிருக்கிறது. இன்னும் முழுசாக இருட்டவில்லை. பாஞ்சாலி இறைத்துக்கொண்டிருந்தாள். குடம், அண்டா, குண்டான் எல்லாம் நிறைந்துவிட்டன. இட்லிப் பானையும் நிறைந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை. அவர் வந்து கட்டைச் சுவரில் உட்கார்ந்து குழவியைப் பக்கத்தில் வைத்தார். அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை இறக்கினாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றார் அவர்.

“சொல்லியிருந்தா யோசிப்பீங்க.”

அவர் தலையாட்டினார். வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார்.

“உப்பு கரிக்குதே.”

“எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றாள் பாஞ்சாலி.

அவளுக்கு மத்தியானமே தெரியும். பருப்பு வேகவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் இருந்தவரை ஒருநாளும் சரியாக வேகவில்லை. தலைமுடி சிக்குப் பிடித்தது, வெள்ளைத் துணி பழுத்தது. பால் காய்ச்சிய அன்றைக்கு நிறைகுடத்து நீரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அவள் இதைப்பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. யாரும் பார்க்காமல் இறைக்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்று சேர்த்து ஆசைப்பட அவளுக்குத் தோன்றவில்லை. சில நாள் வாளியைச் சுவரில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து யாராவது நிற்கிறார்களா என்று தன்னையறியாமல் திரும்பிப் பார்ப்பதுண்டு. வேலிதான் நிற்கும்.

விருத்தாசலம் திண்டிவனத்திலேயே ரிடையரானார். பிறகு விழுப்புரத்துக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனை முடிவதற்குள் அதே வீட்டில் இறந்துபோனார். இருதயராஜ் கடைசிவரை வீடு மாற்றவில்லை, கடைசிவரை எல்லாருக்கும் யோசனை சொன்னார். நடராசனும் பூமாலையும் இரண்டே வருஷத்தில் விழுப்புரத்திலேயே அடிபம்பு உள்ள வேறு வீட்டுக்குப் போனார்கள், பால் காய்ச்சியதைக் கெங்கம்மாளிடம் சொல்லாமல். முத்துசாமி லாரியை விற்றுவிட்டுக் கூட்டேரிப்பட்டில் டயர் கடை வைத்தார். கெங்கம்மாள் போன பிறகு கோதண்டபாணியின் கிணற்றை மூடி, மேலே சிமெண்டுப் பலகை போட்டு, அதில் துணி காயவைக்கிறார்கள். பாஞ்சாலி கண்டாச்சிபுரத்தில் மகளோடு இருக்கிறாள். அங்கே வீட்டுக்குள்ளேயே குழாய் வருகிறது. அம்மியும் குழவியும் மரக்காணம் ரோட்டு வீட்டுப் பின்பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கின்றன. மகள் வீட்டில் மிக்ஸி இருப்பதால் அவற்றை யாரும் எடுத்துப்போகவில்லை.